மாமியாருக்குக் கொலஸ்ட்ரால், மகளுக்கு ரத்தசோகை: ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறிக் குழம்பை என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் மேடம். நாங்கள் வேலூர் மாவட்டம். வீட்டில் ஐந்து பேர். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் மாட்டுக்கறிக் குழம்புதான். ஒரு கிலோ கறிக்கு 150 மில்லி கடலை எண்ணெய் ஊற்றி வதக்கி, ஒரு மூடித் தேங்காயை அரைத்து விடுவேன். கடைக்காரர் சும்மா போட்டுத் தரும் கொழுப்பையும் சேர்ப்பேன். போன மாதம் மாமியாருக்கு (61 வயது) ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 152 வந்தது. பி.பி. மாத்திரையும் சாப்பிடுகிறார். கறியைக் குறைங்க, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார் டாக்டர். என்ன கறி என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதே மாதம் என் மகளுக்கு (14 வயது) ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. அவளுக்கு நல்லா கறி கொடுங்க என்றார்கள். மாட்டுக்கறி சூடு, வயசுப் பெண்ணுக்கு ஆகாது என்கிறார் மாமியார். வேகவைத்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கொலஸ்ட்ரால் போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. இதற்கு நடுவில் எட்டு விசில் விட்டாலும் கறி சில நாள் ரப்பர் மாதிரி இருக்கிறது. நான் குழம்பு வைப்பதா, விடுவதா?

பதில்: வையுங்கள், சகோதரி. ஆனால் இப்போது வைக்கிற மாதிரி வேண்டாம். ஒரே சட்டியில் வைத்து இரண்டு பேருக்கும் இரண்டு விதமாகப் பரிமாற முடியும்.

முதலில் உங்கள் கடிதத்தில் என்னைத் தொட்ட வரியைச் சொல்லிவிடுகிறேன். "என்ன கறி என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை." என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிலும் பலர் "நான்வெஜ் சாப்பிடுவோம்" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வார்கள். கொஞ்சம் பேசிப் பழகிய பிறகுதான், குரலைத் தாழ்த்தி, "பெரிய கறிங்க" என்பார்கள். தப்பு அவர்களுடையது இல்லை. நான் பயிற்சி எடுத்த காலத்தில் எங்களுக்குக் கொடுத்த உணவு அட்டவணையில் மீன், கோழி, ஆடு எல்லாம் இருந்தன. வட தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் வாரம் தவறாமல் வேகும் மாட்டுக்கறிக்கு மட்டும் ஒரு வரி கிடையாது. சாப்பிடுவதைச் சொல்லவே கூச்சப்படும்படி வைத்துவிட்டால் சரியான ஆலோசனை எப்படிக் கிடைக்கும்? அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது தயவுசெய்து சொல்லுங்கள். எந்தக் கறி, எவ்வளவு, எப்படிச் சமைத்தது என்று மூன்றும் தெரிந்தால்தான் அவர் சொல்வது உங்கள் வீட்டுக்குப் பொருந்தும்.

இப்போது உங்கள் குழம்பைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாமியாரின் எல்.டி.எல்.-ஐ முக்கியமாக ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு, அதாவது குளிர்ந்தால் உறைந்துபோகும் வகைக் கொழுப்பு. கறியில் இருக்கும் கொலஸ்ட்ராலைவிட இதற்குத்தான் அதில் பங்கு அதிகம். ஒரு நாளைக்கு 1,600 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புப்படி இந்தக் கொழுப்பு சுமார் 18 கிராமைத் தாண்டக் கூடாது. எல்.டி.எல். ஏறியவர்கள் அதற்கும் கீழே நிற்பது நல்லது.

ஒரு கிலோ கறியை ஐந்து பேர் பங்கிட்டால் ஆளுக்குப் பச்சைக் கறி 200 கிராம். கொழுப்பை நீக்கிய கறியாக இருந்தால் அதிலிருந்து வரும் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 4 கிராம். ஒரு மூடித் தேங்காயிலிருந்து ஆளுக்குக் கிட்டத்தட்ட 7 கிராம் வருகிறது, ஏனென்றால் தேங்காயின் கொழுப்பில் பெரும்பகுதி இந்த வகைதான். 150 மில்லி கடலை எண்ணெயிலிருந்து 5 கிராம். கடைக்காரர் சும்மா போடும் கொழுப்பு 100 கிராம் இருந்தாலே ஆளுக்கு இன்னும் 6 முதல் 10 கிராம். ஆக ஒரு வேளைக் குழம்பில் 22 முதல் 26 கிராம் ஆகிறது. அதில் கறியின் பங்கு 4 கிராம்தான்!

இந்தக் கணக்கை நான் எல்லோருக்கும் போட்டுக் காட்டுவேன். "கறியை நிறுத்து" என்றதும் கறியை நிறுத்திவிட்டு, அதே எண்ணெயும் அதே தேங்காயும் ஊற்றிக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட்டில் பெரிய மாற்றம் இல்லையே என்று வருந்துகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன யோசனை வேண்டாம். கொலஸ்ட்ரால் தசையின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் இருக்கிறது. தண்ணீரில் கரைந்து வெளியே வராது. அந்தத் தண்ணீரோடு போவது பி வைட்டமின்களும், கொஞ்சம் இரும்பும், கறியின் சாறும்தான். பச்சைக் கறியை வெள்ளை வெளேரென்று ஆகும்வரை ஏழெட்டுத் தண்ணீரில் அலசுவதும் இப்படித்தான். கறிக்குச் சிவப்பு நிறம் தருகிற பொருளில்தான் உங்கள் மகளுக்கு வேண்டிய இரும்பு இருக்கிறது. இரண்டு தண்ணீர் போதும். கொழுப்பை எடுக்க வேறு நல்ல வழி உண்டு, அதைச் சமையலோடு சேர்த்துச் சொல்கிறேன்.

கறி ஏன் ரப்பராகிறது? நம் ஊரில் கறிக்கு வருவது பெரும்பாலும் வயதான மாடு அல்லது எருமை. வயதாக ஆக, தசை நார்களைக் கட்டிவைத்திருக்கும் ஜவ்வு இறுகிப்போகும். அந்த ஜவ்வு 70 டிகிரிக்கு மேல் நிதானமாக, நேரம் எடுத்து வெந்தால்தான் உருகி ஜெலட்டினாக மாறும். இங்கே விசில் கணக்குதான் உங்களை ஏமாற்றுகிறது. தீயைக் கூட்டி வைத்தால் எட்டு விசிலும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிடும். குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி இருந்தாலும் வயதான மாட்டுக்கு அந்த நேரம் போதாது. நாரெல்லாம் சுருங்கி, ஜவ்வு இன்னும் உருகாமல் நிற்கும் கட்டம் அது. விசிலை எண்ணாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். முதல் விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து 30 நிமிடம் விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கட்டும். எருமைக் கறியில் கொழுப்பு குறைவு என்பதால், கிடைத்தால் மாமியாருக்கு அது இன்னும் நல்லது. நேரம் மட்டும் ஐந்து பத்து நிமிடம் கூட ஆகலாம்.

கடையில் என்ன கேட்டு வாங்குவது என்பதும் முக்கியம். நெஞ்சுப் பகுதியில் கொழுப்பு அதிகம். தொடைக்கறியில் கொழுப்பு குறைவு, ஆனால் குழம்பில் சில நேரம் வறண்டுவிடும். நான் சொல்வது கால் சதை. முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி இருக்கும் கறி. பார்த்தால் ஜவ்வு ஜவ்வாக இருக்கும், பலர் ஒதுக்கிவிடுவார்கள். கொழுப்பு மிகக் குறைவு, ஜவ்வு நிறைய. நிதானமாக வேகும்போது அந்த ஜவ்வெல்லாம் உருகிக் குழம்புக்கே ஒரு வழவழப்பும் கனமும் கொடுக்கும். இத்தனை நாள் தேங்காயும் கொழுப்பும் கொடுத்த அந்தக் கனத்தை இனி ஜெலட்டின் கொடுக்கும். துண்டு போடும்போது நாருக்குக் குறுக்கே வெட்டச் சொல்லுங்கள். கொழுப்பு வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

சமையலை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவுக்குப் பதில் 600 கிராம் போதும், எப்படி என்று பிறகு சொல்கிறேன். சனிக்கிழமை மாலையில் கறியோடு இஞ்சி பூண்டு விழுது இரண்டு ஸ்பூன், மஞ்சள்தூள், அரை ஸ்பூன் உப்பு, இரண்டு மூன்று ஸ்பூன் தயிர் பிசறி ஒரு மணி நேரம் வையுங்கள். ரொம்ப முற்றிய கறி என்று தெரிந்தால் பப்பாளிக்காயைத் துருவி ஒரு ஸ்பூன் சேர்க்கலாம், அதிலிருக்கும் நொதி நாரை உடைக்கும். அதிகம் போட்டாலோ ரொம்ப நேரம் ஊறவிட்டாலோ மேல்பக்கம் மாவு மாதிரி ஆகிவிடும், கவனம். பிறகு இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, மேலே சொன்னபடி குக்கரில் வேகவையுங்கள். ஆறியதும் கறியும் தண்ணீருமாக ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

காலையில் திறந்து பார்த்தால் மேலே வெள்ளைத் தட்டு மாதிரி கொழுப்பு உறைந்திருக்கும். கரண்டியால் நெம்பி எடுத்துவிடுங்கள். இதை முதல் நாளே, மசாலா சேர்ப்பதற்கு முன்பே செய்வதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணெய் ஊற்றித் தாளித்த பிறகு எடுத்தால், மாட்டுக்கொழுப்போடு மசாலா வாசனையும் சேர்ந்து போய்விடும். மசாலா வாசனையில் பெரும்பகுதி எண்ணெயில்தான் கரைந்து நிற்கும். கீழே மிஞ்சும் தண்ணீர் கூழ் போல இறுகியிருந்தால் மகிழ்ச்சி அடையுங்கள், கால் சதை வேலை செய்திருக்கிறது. அதை ஒரு சொட்டுகூடக் கொட்டாதீர்கள்.

இனி மசாலா. நான்கு ஸ்பூன் மல்லி, ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், அரை ஸ்பூன் சோம்பு, ஆறேழு காய்ந்த மிளகாய், ஒரு துண்டு பட்டை, மூன்று கிராம்பு. எல்லாவற்றையும் வெறும் சட்டியில் வறுத்து, கடைசியில் ஒரு ஸ்பூன் கசகசாவும் இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் புரட்டி அரைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்பூன் தேங்காயை வறுத்துப் போட்டால் பச்சையாக ஒரு மூடி அரைத்து ஊற்றுவதைவிட வாசனை தூக்கலாக வரும். சட்டியில் நான்கு பெரிய ஸ்பூன் எண்ணெய், அதாவது 60 மில்லி. கால் கிலோ சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை உப்பு. அடிப்பிடிக்கிற மாதிரி இருந்தால் எண்ணெய் ஊற்றாமல் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். வெங்காயம் நன்றாகச் சிவக்கும்வரை பொறுமை வேண்டும், பதினைந்து நிமிடம் ஆகட்டும். எண்ணெயைக் குறைத்ததும் குழம்பு சப்பென்று ஆகிவிட்டது என்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அவசரப்பட்டிருப்பார்கள். அப்புறம் தக்காளி, அரைத்த மசாலா, பச்சை வாசனை போனதும் கறியும் அந்தச் சாறும். காய் வெந்து குழம்பு சேரும்வரை இருபது நிமிடம் கொதிக்கட்டும்.

காய் என்றேனே, அதுதான் 600 கிராம் கறிக்கான விடை. முருங்கைக்காய், வாழைக்காய், சுரைக்காய், கத்தரிக்காய் என எது கிடைத்தாலும் கறிக்குச் சமமான எடைக்குப் போடுங்கள். ஒரு கைப்பிடி கடலைப்பருப்பு சேர்த்தால் தால்ச்சா பக்கம் சாயும், அதுவும் நன்றாக இருக்கும். கறிச் சாற்றில் வெந்த வாழைக்காயைக் கறியைவிட விரும்பிச் சாப்பிடும் குழந்தைகள் எத்தனையோ பேர். இந்தக் குழம்பில் நிறைவுற்ற கொழுப்பு ஆளுக்கு 6 கிராம் அளவில் நிற்கும்.

இனி மாமியாரின் தட்டு. டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கிறார், மறு பரிசோதனை வரை அதை மதிப்போம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு மூன்று துண்டு கறி, காய் நிறைய. குழம்பைச் சோறு மிதக்க ஊற்றாமல், தொட்டுக்கொள்கிற அளவு. மற்ற ஞாயிறுகளில் அதே சட்டியிலிருந்து காயும் கொஞ்சம் குழம்பும் கொடுங்கள். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது அவருக்கு மட்டும் ரசம் ஊற்றி ஒதுக்கிவைத்தால் மனசு நோகும், அது வேண்டாம். பி.பி. இருப்பதால் உப்பையும் பார்க்க வேண்டும். ஒரு நாளுக்கு மொத்தமே 5 கிராம், ஒரு டீஸ்பூன்தான். கடை மசாலா பாக்கெட் போட்டால் சில வகைகளில் உப்பு ஏற்கெனவே கலந்திருக்கும், பார்த்து வாங்குங்கள். டாக்டர் கொலஸ்ட்ரால் மாத்திரை எழுதினால், குழம்பை மாற்றிவிட்டோம் என்று அதைத் தவிர்க்காதீர்கள். அவருக்குச் சிறுநீரகக் கோளாறோ யூரிக் ஆசிட் தொல்லையோ இருந்தால் கறியின் அளவை டாக்டரே சொல்லட்டும்.

மகள் விஷயத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 9.8 என்பது மிதமான ரத்தசோகை. அந்த வயதுக்குப் 12 இருக்க வேண்டும். "நல்லா கறி கொடுங்க" என்று சொன்னவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். 14 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் இரும்பு தேவை என்று 2020-இல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வகுத்திருக்கிறது. 100 கிராம் மாட்டுக்கறியில் இருப்பது இரண்டு, இரண்டரை மில்லிகிராம். வாரத்துக்கு ஒரு நாள் கறி தின்று 9.8-ஐ 12 ஆக்க முடியாது. பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல மாத்திரையும் ரத்தசோகை வராமல் காக்கத்தான். வந்த பிறகு டாக்டர் பார்த்து, தினமும் சாப்பிடும்படி இரும்பு மாத்திரை எழுத வேண்டும். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்களா, மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதா என்று கேட்க வேண்டும். இந்த வாரமே கூட்டிப்போங்கள்.

அப்படியானால் கறி எதற்கு? கறியில் இருக்கும் இரும்பில் ஒரு பகுதி உடல் சுலபமாக எடுத்துக்கொள்ளும் வகை. அதில் 15 முதல் 35 சதவீதம் வரை ரத்தத்தில் சேரும், கீரை பருப்பில் இருக்கும் இரும்பு அவ்வளவு சேராது. அதோடு, கறியோடு சேர்த்துச் சாப்பிடும் கீரை, பருப்பின் இரும்பையும் அது இன்னும் நன்றாக உறிஞ்ச வைக்கும். கறியும் கீரையும் ஒரே வேளையில் சேரக் கூடாது என்று சொல்லும் வீடுகள் உண்டு. உங்கள் மகளுக்குச் சேர்த்தே கொடுங்கள், முருங்கைக்கீரைப் பொரியல் ஒரு கரண்டி. பி12-உம் துத்தநாகமும் கறியில் தாராளமாக இருக்கின்றன. வளரும் பெண்ணுக்கு இரண்டுமே வேண்டும். அவள் தட்டில் ஐந்தாறு துண்டு, எலுமிச்சை பிழிந்த வெங்காயம், சாப்பிட்டபின் ஒரு மணி நேரத்துக்கு டீ கிடையாது. டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இன்னொன்று, நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்தது. சுவரொட்டி. மண்ணீரலைத்தான் சொல்கிறேன். வயசுக்கு வந்த பெண்ணுக்கு ஆட்டுச் சுவரொட்டியைச் சுட்டுக் கொடுப்பார்கள் இல்லையா? மாட்டு மண்ணீரலும் அதே போலத்தான், 100 கிராமில் 40 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு. சாதாரணக் கறியைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல்! விலையும் அதிகமில்லை. வாரம் ஒரு முறை 50 கிராம், மிளகு போட்டு நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். ஈரலிலும் இரும்பு உண்டு, 100 கிராமில் 5 மில்லிகிராம் அளவுக்கு. வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் அடிக்கடி வேண்டாம், மாதம் ஒன்றிரண்டு முறை போதும். இரண்டும் மாமியாருக்கு வேண்டாம், கொலஸ்ட்ரால் அதிகம்.

"சூடு" என்று மாமியார் பயப்படுவதற்கு ஒரு காரணம் இருக்கலாம். கறியும் சோறும் மட்டும் சாப்பிட்டு, காயும் தண்ணீரும் குறைந்தால் மறுநாள் மலச்சிக்கல் வரும், மூலம் இருப்பவர்களுக்கு எரியும். காரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குழம்பில் பாதி காய் இருந்தால் அந்தத் தொல்லை குறையும். வயசுப் பெண்ணுக்கு மாட்டுக்கறி ஆகாது என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. அவரிடம் சண்டை போடாமல், சுவரொட்டிப் பேச்சை எடுத்துப் பாருங்கள், அவரே சமைத்துக் கொடுக்கக்கூடும்.

சிவப்பு இறைச்சியால் புற்றுநோய் வருமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் வாட்ஸ்அப்பில் எப்படியும் வந்து சேரும் என்பதால் சொல்கிறேன். 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சிவப்பு இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. ஆடும் அதில் சேர்த்திதான். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சொல்லும் வரம்பு, வாரத்துக்குச் சமைத்த கறி 350 முதல் 500 கிராம். புதிய முறைப்படி உங்கள் வீட்டில் ஆளுக்கு வாரம் 80, 90 கிராம்தான் வரும். தண்ணீரில் வேகும் குழம்பு, தீயில் கருக்கிய கறியைவிட நல்லது. சுக்கா செய்யும் நாளில் ஓரம் கருகும்வரை விடாதீர்கள், அவ்வளவுதான்.

மிச்சமான குழம்பை மறுநாள் தாராளமாகச் சாப்பிடலாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, வேண்டிய அளவை மட்டும் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். திங்கட்கிழமை காலை இட்லியோடு மகளுக்கு இரண்டு துண்டு வைத்தால், அன்றைக்கும் கொஞ்சம் இரும்பு சேரும். மாமியாருக்கு அன்று தேங்காய்ச் சட்னி வேண்டாம், தக்காளிச் சட்னி அரையுங்கள்.